பேனரில் விழித்த கண்கள்

அத்தியாயம் 6

செத்தவர்கள் முறைத்துப் பார்ப்பது நவுஷாத்துக்குப் பிடிக்காது. அதுவும் காலை பத்தரை மணிக்கு, கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்பில், கையில் சூடான சமோசாவோடு நிற்கும்போது சுத்தமாகப் பிடிக்காது.

மருந்துக்கடைப் பக்கம் நகர்ந்து பார்த்தான். பேனரில் இருந்தவரும் பார்த்தார். பழவண்டிக்குப் பின்னால் போய் நின்றான். அங்கேயும் விடவில்லை. பன்னிரண்டடி உயரம். ஓரங்களில் மேகம், முதுகுக்குப் பின்னால் ஓர் அருவி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும் இருந்தன. அதற்கும் கீழே ‘பிரிவால் வாடும் நண்பர்கள்’ என்று ஆறு தலைகள் தபால்தலை அளவில் வரிசையாக. நண்பர்கள் அப்படியொன்றும் வாடியதாகத் தெரியவில்லை. ஒருவர் கூலிங்கிளாஸ்கூடப் போட்டிருந்தார்.

“மேடம், இந்த மனுஷன் என்னையே பாத்துக்கினு இருக்காரு. நான் இவரு வூட்டு கல்யாணத்துல ஒரு தபா பிரியாணி சாப்ட்டதுகூட கெடையாது.”

விஜயலட்சுமி சிரிக்கவில்லை. அந்த அம்மாள் இருபது வருடம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதியவர். சாட்சிகள் பொய் சொல்லும்போது மூச்சு எந்த இடத்தில் தடுக்கும் என்பதைக் காதாலேயே படித்தவர். வேலையை விட்டபின் பஸ் ஸ்டாண்டு எதிரில், மொபைல் கடை மாடியில், துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, வேறு ஊரில் இன்னொரு குடும்பம் இருக்கிறதா, இத்யாதி. ஆறு வருடமாக அவருக்கு உதவியாளன் நவுஷாத். வீட்டில் அத்தாவிடம் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று சொல்லி வைத்திருக்கிறான். பயம் வந்தால் அவனுக்கு வாய் ஜாஸ்தியாகும். இன்று காலையிலிருந்தே ஜாஸ்தியாகத்தான் இருந்தது.

பேனருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்த பெண்ணிடம் விஜயலட்சுமி கேட்டார். “இலக்கியா, ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்துச் சொல்லும்மா. எங்க இடிக்குது?”

“என்னால பாக்க முடியல மேடம். ஆபீஸுக்குக்கூட இந்த வழியா வர்றதில்ல. சுத்திக்கினுதான் போறேன்.” இலக்கியாவுக்கு இருபத்தாறு வயது. பேனரில் இருப்பவர் அவளுடைய அப்பா. “முகம் அப்பா முகம்தான். ஆனா அதுலருந்து பாக்கறது எங்கப்பா இல்ல.”

நவுஷாத் சமோசாவைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அந்த அப்பாவின் கதை இது. தீனதயாளன், பயணப் புகைப்படக்காரர். போர்னியோ மழைக்காட்டு ஆறுகளில் நாள்கணக்காகப் படகில் போய், லட்சம் வவ்வால் தொங்கும் குகைகளைப் படம் பிடித்துக்கொண்டு வந்தவர். மேகாலயா, அந்தமான் என்று சுற்றியவருக்கு ஐம்பத்தெட்டு வயதில்தான் ஞானம் வந்தது. ‘வூட்டுக்குப் பின்னால இருக்கற கல்வராயன் மலைய விட்டுட்டேனே’ என்று அங்கலாய்த்துக்கொண்டு, மூன்று வருடமாக இந்த மலையே கதியாகக் கிடந்தார். கோமுகி அணை நிறைந்த மாதங்களில் பரிசலில் நீர்ப்பரப்பைக் கடந்து ஓடை வாய்க்குள் கொஞ்ச தூரம் போகலாம். அதற்குமேல் பாறை ஏறினால் அருவிக்குப் பின்னால் ஏழுமடு குகை. அங்கே அவரை எப்போதும் கொண்டுபோய் விடுவது பரிசல்கார ஆதிமூலம்.

பன்னிரண்டு நாளுக்கு முன் காலையில் ஆதிமூலம் அவரைப் பாறையடியில் இறக்கிவிட்டிருக்கிறார். நாலு மணிக்கு வரச் சொன்னாராம். நாலு மணிக்குப் போனால் ஆளில்லை. மறுநாள் காலை அணைத் தண்ணீரில் உடல் மிதந்தது. பின்னந்தலையில் அடி. கேமராவைக் காணோம். பிரேதப் பரிசோதனையில் தண்ணீரில் மூழ்கிய மரணம் என்று எழுதினார்கள். போலீஸ் கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது: கேமராவுக்கு ஆசைப்பட்டு ஆதிமூலம் துடுப்பால் அடித்துத் தண்ணீரில் தள்ளிவிட்டான். அந்தப் புகாரில் கையெழுத்துப் போட்டவள் இலக்கியா. ஆதிமூலம் இன்றைக்குப் பதினோரு நாளாகச் சிறையில் இருக்கிறார். நாளைக் காலை அவருடைய ஜாமீன் மனு வருகிறது.

முந்தாநாள் ஆதிமூலத்தின் மனைவி காசியம்மாள் இலக்கியா வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழவில்லை, சாபம் விடவில்லை. “எம் புருஷன் நல்லவன்னு சொல்றதுக்கு வரல கண்ணு. உங்கப்பாவ பன்னெண்டு தபா கூட்டிக்கினு போயி பன்னெண்டு தபா கொண்டாந்து விட்டவன். பரிசல்ல ஏறினவங்கள அவன் அடிப்பானான்னு நீயே ஒரு தபா யோசிச்சுப் பாரு” என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். அன்றிலிருந்து இலக்கியாவுக்குச் சோறு இறங்கவில்லை. தான் போட்ட கையெழுத்து ஒரு நிரபராதியை உள்ளே தள்ளியிருந்தால்? அந்தக் கேள்வியோடுதான் மொபைல் கடை மாடிக்கு ஏறி வந்தாள்.

“மூணு விஷயம் மேடம்,” என்றாள் இலக்கியா, திரும்பாமலே. “அப்பா கறுப்புச் சட்டைக்காரர். நாப்பது வருஷம் சாமி இல்லன்னு மேடையில பேசினவர். அவர் நெத்தியில விபூதி. ரெண்டாவது, மீசை. சாவறதுக்கு நாலு நாள் முன்னாலதான் டை அலர்ஜின்னு மீசைய எடுத்தார். பேனர்ல மீசை இல்ல. அப்ப இந்தப் படம் அந்த நாலு நாளுக்குள்ள எடுத்தது. வூட்ல நாங்க யாரும் எடுக்கல. நாப்பதாயிரம் படம் எடுத்த மனுஷன், அவர் படம்னு வூட்ல ஒண்ணுகூட கெடையாது. ஞாயித்துக்கிழமை படத்திறப்பு வெச்சிருக்கோம், திறக்கறதுக்குப் படம் இல்ல.”

“படம் கொடுத்தது யாருன்னு நண்பர்கள கேட்டியா?”

“ஆறு பேரையும் கேட்டேன். ஆளாளுக்கு அடுத்தவர கை காட்டறாங்க. தமிழழகன் மாமாவ கேட்டா, ‘எனக்கு இருந்த நெலமையில யார் கொடுத்தாங்கன்னு பாக்கலடா’ன்றார். பாவம், எல்லா வேலையும் அவர்தான் இழுத்துப் போட்டுக்கினு செஞ்சார். சுடுகாடு வரைக்கும் அவர்தான்.”

“அவர் அன்னிக்கி அப்பாகூட போகலியா?”

“எப்பவும் கேமரா ஸ்டாண்டு தூக்கிக்கினு போறவர் அவர்தான். அன்னிக்கி அவர் கரும்புக்கு ஆலையிலருந்து வெட்டு உத்தரவு வந்துடுச்சு. போக முடியல. அதச் சொல்லிச் சொல்லி அழறார்.”

விஜயலட்சுமி தலையாட்டினார். “மூணு விஷயம்னியே. மூணாவது?”

“அந்தக் கண்ணு.” இலக்கியாவின் குரல் தாழ்ந்துவிட்டது. “எனக்குத் தெரிஞ்ச யாரோ எங்கப்பா மூஞ்சிக்குள்ள நின்னுக்கினு பாக்கற மாதிரி இருக்கு மேடம்.”

நவுஷாத் கண்ணை அவசரமாகக் கீழே இறக்கினான். அப்போதுதான் பேனரின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருந்ததைப் பார்த்தான். டிசைன் செய்த கடையின் பெயர். பேனர்க்காரர்கள் சாவு வீட்டிலும் விளம்பரத்தை விடுவதில்லை.

“மேடம், பாயிஸா அக்கா கடை! எங்க அத்தா கடை போர்டுகூட அங்கதான் போட்டது.”

“அப்ப நட,” என்றார் விஜயலட்சுமி.

*

துருகம் ரோட்டுச் சந்தில் பாயிஸாவின் கடை. உள்ளே ஏசி குளிர், மை வாசனை, ஒரு பூப்புனித நீராட்டு விழாவை மெதுவாகத் துப்பிக்கொண்டிருக்கும் இயந்திரம். பாயிஸாவுக்கு நாற்பது வயதிருக்கும். புர்காவின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, இரண்டு திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

விஜயலட்சுமி யார் படம் கொடுத்தது என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எந்தக் கடைக்காரரும் கதவைச் சாத்திக்கொள்வார் என்று அவருக்குத் தெரியும். “நாலு ரோட்டுல தீனதயாளன் பேனர் பாத்தேன். அந்த விபூதி இருக்கே, அப்படியே பூசின மாதிரி. யாரு கை வேலை?”

பாயிஸாவின் முகம் மலர்ந்தது. “நாந்தான் போட்டேன். யாரும் கண்டுபுடிக்கலியே?”

“கண்டுபுடிச்சுட்டோம்,” என்றான் நவுஷாத். “ஏன்க்கா, அவரு சாமியே இல்லன்றவரு. நீ இன்னாடான்னா கோயில் குருக்கள் ஆக்கிட்ட.”

“எனக்கு யாரு சொன்னாங்க? நெத்தியில பட்டையா ஒரு பெல்ட்டு இருந்துச்சு. அத எடுத்தா தோல்ல தடம் அப்படியே தெரியுது. மறைக்கணும்ல? விபூதிய இழுத்து விட்டேன். நம்ம ஊர்ல நெத்தியில எது இருந்தாலும் விபூதி போட்டா போதும், எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிருவாங்க.”

“அந்தப் பெல்ட்ட பாக்கலாமா?”

பெருமை வந்துவிட்ட கைக்குத் தடை ஏது? பாயிஸா பழைய கோப்பைத் திறந்தாள். மவுஸை ஒரு தட்டுத் தட்டினாள். அருவியும் மேகமும் மறைந்தன. இன்னொரு தட்டில் வெள்ளைச் சட்டை போனது. அடியில் நனைந்த கறுப்புச் சட்டை. மூன்றாவது தட்டில் விபூதி போயிற்று. நெற்றியைச் சுற்றி ரப்பர் பட்டை, நடுவில் சின்ன விளக்கு.

“தலை லைட்டு,” என்றாள் இலக்கியா. “குகைக்குள்ள நுழையறப்பதான் மாட்டுவார். ஆதிமூலம் அண்ணன்கூட அதத்தான் போலீஸ்ல சொன்னாரு. எறங்கறப்ப லைட்டு பையிலதான் இருந்துச்சுன்னு.”

நவுஷாத் துள்ளினான். “அப்ப இது அன்னிக்கி குகைக்குள்ள எடுத்த படம்! கூட இன்னொரு ஆளு இருந்திருக்கான் மேடம்!”

விஜயலட்சுமி அவனைப் பார்க்கவில்லை. பாயிஸாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மவுஸின்மேல் இருந்த அந்த விரல் அடுத்த தட்டுக்குப் போகாமல் தயங்கி நின்றது.

“இன்னும் ஒண்ணு இருக்குல்ல?” என்று கேட்டார்.

பாயிஸா இலக்கியாவைத் திரும்பிப் பார்த்தாள். “நீ அவருக்கு இன்னா வேணும்மா?”

“மக.”

“அப்ப வேணாம்மா. நீ கொஞ்சம் வெளிய உக்காரு.”

“இல்லக்கா. காட்டுங்க.”

பாயிஸா பெருமூச்சு விட்டாள். “மாசத்துக்கு நாலஞ்சு கண்ணு தொறக்கறேன். நெறைய வூட்ல வேற போட்டோவே இருக்காது. எங்கத்தா ஸ்டுடியோ வெச்சிருந்தப்ப பிரஷ்ஷால வரைவாரு. நான் வேற யாரோடதாவது எடுத்துப் பொருத்திருவேன்.” சொல்லிக்கொண்டே தட்டினாள்.

திரையில் தீனதயாளன் கண்ணை மூடிக்கொண்டார்.

இயந்திரம் பூப்புனித நீராட்டு விழாவைத் துப்பும் சத்தம் மட்டும் கேட்டது. ஈர முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. தலைக்கு அடியில் கறுத்த பாறை. நவுஷாத் ஏதாவது சொல்லி அந்த அறையின் கனத்தைக் குறைக்க நினைத்தான். வாய் வரவில்லை. வாழ்க்கையில் அப்படி நடப்பது அவனுக்கு அபூர்வம்.

இலக்கியா அழவில்லை. திரைக்கு இன்னும் கிட்டே போனாள். “அப்ப இத்தன நாளா என்னப் பாத்துக்கினு இருந்தது யாரு கண்ணு?”

பாயிஸா பேனரின் அடியில் இருந்த ஆறு தலைகளைப் பெரிதாக்கினாள். மூன்றாவது தலையில் விரலை வைத்தாள். “இவர்து. வயசு ஒண்ணு, மூஞ்சி வாகும் ஒண்ணு, கண்ணு அப்படியே உக்காந்துச்சு. படம் கொடுத்ததும் இவருதான். மலையில தவறி விழுந்துட்டாரு, எடுத்த எடத்துலயே எடுத்த போட்டோன்னு சொன்னாரு. ஒரு நாளைக்கு நாப்பது பேனர் அடிக்கறேன். நான் எங்க பேப்பர் படிக்கறது?”

மூன்றாவது தலை தமிழழகன்.

இலக்கியா மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். சுடுகாடு வரைக்கும் தோள் கொடுத்த மாமா. இத்தனை நாளும் வீட்டுக்குப் பால் பாக்கெட் வாங்கி வந்து வைத்த மாமா. அவர் கண்ணைத்தான் அவள் அப்பாவின் முகத்தில் கண்டு பயந்து ஊரைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் நவுஷாத் விஜயலட்சுமியின் காதருகே குனிந்தான். “கேஸு முடிஞ்சுது மேடம். ஆளு குகையிலயே போயிட்டாரு. ஆதிமூலம் குகைப் பக்கமே போகல. நாளைக்கே ஜாமீன்.”

“ஒண்ணு இடிக்குது.”

“இன்னா இடிக்குது?”

அவர் இலக்கியாவின் தோள்பையிலிருந்து எட்டிப்பார்த்த வழக்குக் காகிதங்களைப் பார்த்தார். அந்த அம்மாளின் முகம் அப்படி இருண்டு நவுஷாத் பார்த்ததில்லை. “நான் சொல்றவரைக்கும் அந்தப் பொண்ணுகிட்ட வாயத் தொறக்காத,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

*

மூங்கில்துறைப்பட்டு போய்ச் சேரும்போது மணி இரண்டு. ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. தமிழழகனின் நிலம் ரோட்டிலிருந்து உள்ளே. வெட்டு முடிந்துவிட்டது. காய்ந்த கரும்பு இலையான சோகைக்குத் தீ வைத்திருந்தார்கள். பட்டப்பகலில் புகை தரையோடு தரையாக நகர்ந்து வந்து காலைச் சுற்றியது. அந்தப் புகைக்குள் தமிழழகன் கையில் ஒரு குச்சியோடு தனியாக நின்றுகொண்டிருந்தார். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்.

“வாடா இலக்கியா. போன் பண்ணிட்டு வரக்கூடாதா? சாப்ட்டியா?” என்றார். அவளோடு வந்தவர்களைப் பார்த்ததும் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார். அதற்குள் நவுஷாத் பார்த்துவிட்டான். வலது மணிக்கட்டில் மந்திரித்த கயிறுகள். ஒன்றல்ல, நாலைந்து. கறுப்பு, சிவப்பு, அதில் ஒரு பச்சை.

“பச்சை எங்க தர்கா கயிறுங்களே,” என்றான் நவுஷாத். “காத்து கறுப்பு அடிச்சவங்களுக்குக் கட்றது. மீதி எந்தெந்த கோயிலு?”

தமிழழகன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். விஜயலட்சுமி ஒரு அடி முன்னால் வந்தார். அவர் குரல் கோர்ட்டில் வாக்குமூலம் வாசிப்பது போல் சாதாரணமாக இருந்தது.

“தமிழழகன், பாயிஸா அந்தக் கண்ண மூடிட்டாங்க.”

குச்சி கீழே விழுந்தது. தமிழழகன் மோட்டார் கொட்டகையின் வாசலில், நின்ற இடத்திலேயே குந்தினார். பேச ஆரம்பித்தபோது அவருக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. அதைப் பார்க்க நவுஷாத்துக்குப் பாவமாகத்தான் இருந்தது.

“காத்தால போன் பண்ணான். ‘டேய், குகைக்குள்ள வெயிலு பதினோரு மணிக்கு இருபது நிமிஷம்தான் விழுது, ஸ்டாண்டு புடிக்க ஆளு வேணும், வாடா’ன்னான். வயல்ல வெட்டாளுங்க நிக்கறாங்க. தம்பிகிட்ட உட்டுட்டு, வூட்ல ஆலைக்குப் போறன்னு சொல்லிட்டு, மலை ரோட்டுல வண்டியில போயி மேலருந்து எறங்கிட்டேன். ஆதிமூலத்துக்குத் தெரியாது. அவன் மேல ஒரு தப்பும் இல்ல.”

“அப்புறம்?”

“வெயிலு உள்ள எறங்குது. வவ்வாலு அத்தனையும் பொன்னாட்டம் பறக்குது. கண்ண கேமராவுல வெச்சுக்கினே பின்னால நடக்கறான். எல்லாம் அடங்கணும்னு இன்னும் பின்னால, இன்னும் பின்னால. ‘எடம் இருக்குதாடா’ன்னு கேட்டான்.” தமிழழகனின் வாய் கோணியது. “நான் வவ்வால பாத்துக்கினு இருந்தேன். பாக்காமயே, ‘இருக்குதுடா’ன்னுட்டேன்.”

இலக்கியா கண்ணை மூடிக்கொண்டாள்.

“பாறை முடிஞ்சு கீழ விழுந்துட்டான், ஒரு ஆள் ஒசரம்தான். கல்லுல பின்மண்டை பட்டுடுச்சு. எறங்கி ஓடினேன். கூப்புட்டேன், அடிச்சேன், மூக்குல கைய வெச்சுப் பாத்தேன். அருவித் தண்ணி மேல அடிச்சிக்கினே இருக்கு, கையெல்லாம் மரத்துப் போச்சு, மூச்சே படல. போயிட்டான்னு உக்காந்து அழுதேன். அப்பதான் நெனப்பு வந்துச்சு. ஊரெல்லாம் படம் எடுத்தவன், அவனுக்குன்னு ஒரு படம் இல்லையே. நம்ம ஊர்ல கடைசிப் படம் எடுக்காம யாரத் தூக்கியிருக்கோம்? என் போன்ல எடுத்தேன்.”

“ஆள கூப்பிட்டிருக்கலாமே,” என்றான் நவுஷாத். அவனை அறியாமலே குரல் உயர்ந்துவிட்டது.

“அங்க போன் எடுக்காது தம்பி. பாரஸ்ட்டுக்காரங்க மூடி வெச்ச காடு, உள்ள போனதே குத்தம். மறுநாள் விட்டு மறுநாள் எம் பொண்ணுக்கு நிச்சயம். இப்படியே உட்டுட்டுப் போனா நரி இழுத்துரும். தூக்கிக்கினு அந்தப் பாறையில எறங்க என்னால முடியல. தண்ணி நேரா அணைக்குத்தான் போவுது. எறக்கி உட்டா கீழ பரிசல்காரங்க கண்ணுல பட்டுரும், வூட்டுக்கு ஒடம்பாவது போய்ச் சேரும்னு மடுவு வரைக்கும் இழுத்துக்கினு போனேன். இலக்கியா, சத்தியமா அவன் மேல இருந்த பாசத்துலதான்டா செஞ்சேன். ஆதிமூலத்த புடிப்பாங்கன்னு நெனக்கல. புடிச்சப்புறம் சொல்லலாம்னு தெனம் கெளம்புவேன். நாலு ரோட்டுல அந்தப் பேனர பாத்தா காலு வராது.”

“கேமரா?” என்று விஜயலட்சுமி குறுக்கிட்டார். குரலில் அவசரம் இருந்தது. பேச்சை அங்கேயே நிறுத்தப் பார்க்கிறார் என்று நவுஷாத்துக்குப் புரிந்தது. ஏன் என்று மட்டும் புரியவில்லை.

“உள்ள உர மூட்டையில இருக்குது. பொண்ணுகிட்ட எப்படிக் கொடுக்கறதுன்னு தெரியாம வெச்சிருக்கேன்.” தமிழழகன் நிறுத்தவில்லை. பன்னிரண்டு நாளாகத் தொண்டையில் நின்றதெல்லாம் வெளியே வந்தாக வேண்டும் போலிருந்தது. சட்டைக் கையை மேலே சுருட்டினார். “அதோட உட்டானா அவன்? இந்தக் கயிறெல்லாம் எதுக்குன்னு கேட்டியே தம்பி. மடுவுல எறக்கி கைய எடுக்கறப்ப, அவன் கை என் மணிக்கட்ட புடிச்சுது. செத்த பொணம் புடிச்சுது! கெட்டியா புடிச்சுது. செத்தவங்க வெரலு மடங்கும்னு சொல்லுவாங்க, தெரியும். ஆனாலும் உசிரே போயிடுச்சு. ஒரே உதறா உதறி உட்டுட்டு ஏறி ஓடியாந்துட்டேன். அன்னிலருந்து புடிச்சுக்கினேதான் இருக்கான். சோறு தின்னா புடிக்கறான், படுத்தா புடிக்கறான். நாலு கோயிலு, ஒரு தர்கா, மலையில ஒரு பூசாரி, எல்லாம் பாத்தாச்சு. பேயா வந்து புடிக்கறான்.”

நவுஷாத்தின் தலைக்குள் ஏதோ ஒன்று மெல்லத் திரும்பியது. பிரேதப் பரிசோதனை. தண்ணீரில் மூழ்கிய மரணம். செத்த உடம்பு எப்படி மூழ்கிச் சாகும்? கடை வாசலில் மேடத்துக்கு இடித்தது இதுதான். அவன் விஜயலட்சுமியைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். அவனிடம் இல்லை, இலக்கியாவிடம்.

ஆனால் இலக்கியா தோள்பையைத் திறந்துவிட்டிருந்தாள். அந்தக் காகிதத்தை அவள் இத்தனை நாளில் எத்தனை முறை படித்திருப்பாளோ, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

“வேண்டாம்மா,” என்றார் விஜயலட்சுமி. “இவரு ஸ்டேஷன்ல வந்து சொன்னா ஆதிமூலத்துக்குப் போதும். இத வேற எப்பவாவது...”

“இல்ல மேடம். இவர் பேய்னு சொல்லிக்கினு இருக்கார். எங்கப்பா நாப்பது வருஷம் பேய் இல்லன்னு சொன்னவர்.” அவள் தமிழழகனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். காகிதத்தைப் பார்க்காமலே சொன்னாள். “மாமா, டாக்டர் எழுதியிருக்கார். மண்டையில பட்ட அடியால சாகல. நுரையீரல்ல தண்ணியும் மணலும் இருந்துச்சு. தண்ணிக்குள்ள போறப்ப உயிர் இருந்துச்சு, மூச்சு விட்டுக்கினு இருந்தார்.”

தமிழழகனுக்கு உடனே விளங்கவில்லை. மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

“கை மடங்கல மாமா. அவர்தான் புடிச்சார். அது பேய் இல்ல. எங்கப்பா.”

அவர் குந்திய நிலையிலேயே பக்கவாட்டில் சரிந்து, இரண்டு கையாலும் கரும்புத் தூரைப் பிடித்துக்கொண்டார். எரியும் சோகை வெடித்துக்கொண்டிருந்தது. விஜயலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவரைத் திட்டுவதா, தண்ணீர் கொடுப்பதா என்று நவுஷாத்துக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் நின்றான்.

இலக்கியா எழுந்து சுடிதாரில் ஒட்டிய சாம்பலைத் தட்டினாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளாமலே, தரையில் கிடந்தவரைத் தூக்கிவிட வலது கையை நீட்டினாள்.

தமிழழகன் அந்தக் கையைப் பார்த்தார். அவர் கை பாதிவரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

“புடிங்க மாமா,” என்றாள் அவள். “நான் உதற மாட்டேன். ஸ்டேஷனுக்குப் போகணும். ஆதிமூலம் அண்ணன் உள்ள இருக்கார்.”